உட்பக்கத்துக் கறை

சலவைக்கடை நடத்துகிறவளிடம் யாரும் பொய் சொல்லித் தப்ப முடியாது என்பது பெரியவளின் அசைக்க முடியாத நம்பிக்கை. வாய் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், துணி காட்டிக் கொடுத்துவிடும். குடியை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தவன் சட்டை, புருஷன் ஊரில் இல்லை என்றவள் வீட்டுப் படுக்கை விரிப்பு, எல்லாம் அவள் மேசையில் வந்து விழுந்தால் உண்மையைக் கக்கிவிட்டுத்தான் தண்ணீருக்குள் போகும்.

"நீ போலீஸ்ல சேர வேண்டியவ. கால் தவறி சோப்புத் தண்ணில விழுந்துட்ட" என்பார் இஸ்திரி மேசையில் நிற்கும் அவள் கணவர்.

சந்தேகம் அவளுக்குச் சும்மா வந்த குணமில்லை. தங்கையைப் பெற்றெடுத்து அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது பெரியவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அம்மா கால் வலிக்கிறது என்றாள். படுத்தே இரு என்றார்கள். படுத்தே இருந்தாள். ஒருநாள் காலை எழுந்து ஜன்னல் வரை போனவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற வாக்கில் சரிந்தாள்; பிறகு எழவே இல்லை. இதயம் பலவீனம் என்று வந்தவர்கள் சொன்னார்கள். அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் சிறுமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இதில் யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று அன்றைக்கு மனதில் விழுந்த முடிச்சு பிறகு அவிழவே இல்லை. நர்ஸைச் சந்தேகப்பட்டாள், சத்து மருந்து பாட்டிலைச் சந்தேகப்பட்டாள், பெற்ற அப்பனையே கொஞ்ச காலம் சந்தேகப்பட்டாள்.

அவளுக்குக் கல்யாணமாகி மூன்று முறை வயிற்றில் தங்கியது. மூன்று முறையும் பாதி வழியில் போய்விட்டது. அதற்குப் பிறகு தங்கவே இல்லை. இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கைதான் அவளுக்குத் தங்கையும் மகளும்.

அந்தச் சின்னவள் இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

சின்னவளின் புருஷன் கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்றைப் பேசிவிட்டு மிச்சத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்கிற ஆள். கல்யாணத்தன்றே பெரியவள் அவனுக்கு 'ஊமைக்கோட்டான்' என்று பேர் வைத்துவிட்டாள். வாய் பேசாதவன் கைதான் பேசும் என்பது அவள் கணக்கு.

வழக்கமாகச் சின்னவளே துணி கொண்டு வந்து போட்டு, ஒரு மணி நேரம் அரட்டையடித்துவிட்டுப் போவாள். அந்த வாரம் ஊமைக்கோட்டான் கொண்டு வந்தான்.

"அவ எங்க?"

"அலுப்பா இருக்குன்னா அக்கா."

பையை வைத்தான், போய்விட்டான். பெரியவள் தங்கையின் கவுன்களை ஒவ்வொன்றாக உட்புறம் திருப்பினாள். மூன்றாவது கவுனில் கை நின்றது. வயிற்றுப் பக்கம், துணியின் உள்முகத்தில், கடுகளவில் பழுப்புப் புள்ளிகள். அடுத்ததிலும் இருந்தன. ரத்தம் காய்ந்தால் என்ன நிறம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இங்க பாருங்க."

கணவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். "கொசு கடிச்சிருக்கும்."

"கவுனுக்குள்ள பூந்து, வயித்துல மட்டும் தேடித் தேடிக் கடிக்கிற கொசுவா?"

"அப்போ பேன்."

"உங்ககிட்டப் போய்ச் சொன்னேன் பாருங்க!"

அடுத்த விடுமுறை நாளே தங்கை வீட்டுக்குப் போனாள். வெயில் கொளுத்துகிற நாளில் சின்னவள் தொடை வரைக்கும் இறுக்கமான காலுறை போட்டிருந்தாள். ஏன் என்றால் கால் வீங்குது என்றாள். அந்த ஒரு பதில் வருவதற்குள் மூன்று தடவை கணவன் முகத்தைப் பார்த்தாள். சாயங்காலமானதும் ஊமைக்கோட்டான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "நேரமாச்சு" என்றான். அவ்வளவுதான், சின்னவள் எழுந்து அவன் பின்னால் அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

பெரியவள் வெட்கத்தை விட்டுக் கதவில் காதை வைத்தாள். உள்ளே 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பிறகு அவன் குரல். "பொறுத்துக்கோ. முடிஞ்சுது."

வெளியே வந்த தங்கையின் கண் ஓரம் ஈரமாக இருந்தது.

"என்னடி அங்க?"

"ஒண்ணுமில்லக்கா. முதுகு தேச்சு விட்டார்."

அதற்கு மேல் தாங்கவில்லை பெரியவளுக்கு. கொடியில் காயும் துண்டை எடுத்துத் தரச் சொன்னாள். தங்கை கையை உயர்த்தினாள், மேல்சட்டை ஏறியது. அந்த ஒரு கணம் போதும். தொப்புளுக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரல் அகலத்தில் காயங்கள். சில கருநீலம், சில பச்சை, ஆறி வருகிற சில மஞ்சள். ஒரு நாளில் பட்டதல்ல; நாள் தவறாமல் பட்டது.

வீடு வந்து சேரும் வரை அவளுக்குப் பாதை தெரியவில்லை.

"வயித்துப் புள்ளக்காரிய வயித்துலயே கிள்ளுறான் அவன். வெளிய தெரியாத எடமாப் பாத்து."

கணவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "கண்ணால கண்டதும் பொய், காதால கேட்டதும் பொய்னு சொல்லுவாங்க. அவகிட்டயே நேராக் கேளேன்."

"கேட்டா சொல்லிடுவாளா? பயந்து போயிருக்கா. வேரோட புடுங்கணும்."

மறுநாள் கடையை அவர் தலையில் கட்டிவிட்டுக் கண்ணாடிப் பட்டறைக்கே போய்விட்டாள். சாய்த்து வைத்த கண்ணாடிகளுக்கு நடுவே ஊமைக்கோட்டான் ஒரு பெரிய தகட்டின் மீது குனிந்து கோடு கிழித்துக்கொண்டிருந்தான். நான்கைந்து பேர் வேலையில் இருந்தார்கள். எவரையும் அவள் சட்டை செய்யவில்லை.

"ஏன் மாப்பிள்ளை, என் தங்கச்சி வயித்துல ஏன் அத்தனை காயம்?"

பட்டறையில் அரவைச் சத்தம் நின்றது. அவன் வெட்டுக் கருவியைக் கீழே வைத்தான். காது மடல் சிவந்தது.

"அவகிட்ட கேளுங்க அக்கா."

"உங்கிட்டதான் கேக்கறேன்!"

"நான் சொல்ல மாட்டேன். அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அடிக்கிறவனுக்கு என்னடா வாக்கு? தாயில்லாப் பொண்ணுன்னா கேக்க நாதியில்லன்னு நெனச்சியா?"

மேஸ்திரி குறுக்கே வந்தார். "அம்மா, ஆள் தெரியாமப் பேசறீங்க. இவன் ஈ எறும்புக்குக்கூட..." அவள் அவரையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தாள். ஊமைக்கோட்டான் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. பதில் இருப்பவன் ஏன் பேசாமல் நிற்கிறான்? அவளுக்கு மிச்சமிருந்த கொஞ்ச நஞ்ச ஐயமும் தீர்ந்தது.

அங்கிருந்து நேரே தங்கை வீடு. வந்த வேகத்தில் அலமாரியைத் திறந்து துணிகளை வாரி ஒரு பெட்டியில் அடைக்க ஆரம்பித்தாள். "கிளம்பு. இனி ஒரு நிமிஷம் இங்க இருக்கக் கூடாது." "அக்கா, அக்கா" என்று சின்னவள் பின்னாலேயே வந்தாள். மேல் தட்டில் போர்வையை இழுத்தபோது ஓர் அட்டைப் பெட்டி சரிந்து தரையில் கொட்டியது. மருந்து நிரப்பிய ஊசிகள். கூடவே உபயோகித்த ஊசிகள் அடைத்த மஞ்சள் டப்பா ஒன்று.

பெரியவள் ஊசி ஒன்றைக் கையில் எடுத்தாள். அடி என்று நினைத்தாளே, இது அதைவிட மோசமல்லவா?

"உனக்கு என்னத்தடி ஏத்துறான் இவன்? கருவை என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"அவர் ஏத்தல. நானே போட்டுக்கறேன்" என்றாள் சின்னவள். "காலைல நான். சாயங்காலம் கை நடுங்கும், அவர் போட்டு விடுவார். குத்தின எடத்துல கன்னிப் போகும், அவ்வளவுதான். உக்காருக்கா."

பெரியவள் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

கர்ப்பம் உறுதியான புதிதில் சின்னவளுக்கு இடது கால் வீங்கியது. வேலை பார்க்கும் டிக்கெட் கவுன்ட்டரில் நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பதால் என்று நினைத்துக் கொஞ்ச நாள் விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், காலின் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியிருந்தது. பிறகு சோதித்ததில், அவள் ரத்தமே மற்றவர்களுக்கு உறைவதைவிடச் சீக்கிரம் உறைகிற ரத்தம் என்று தெரிந்தது. பிறவியிலேயே உள்ளது, பெற்றோரிடமிருந்து வருவது, கர்ப்பத்தில் இன்னும் கூடுகிறது. கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பிரசவம் வரைக்கும், அதற்குப் பிறகும் சில வாரங்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் இந்த ஊசி. குழந்தைக்கு இதனால் கெடுதல் இல்லை.

"டாக்டர் நம்ம அம்மாவப் பத்திக் கேட்டாங்க. கால் வலின்னு படுத்திருந்ததையும், எழுந்து நடந்து விழுந்ததையும் சொன்னேன். அதுவும் இதே ரத்தக்கட்டாத்தான் இருக்கும்னாங்க."

பெரியவள் கட்டிலின் விளிம்பில் அமர்ந்தாள். இத்தனை வருஷமாக அவள் வரிசையில் நிறுத்தி வைத்திருந்த நர்ஸும் மருந்து பாட்டிலும் அப்பாவும் சத்தமில்லாமல் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

"இத ஏன்டி எங்கிட்ட மறைச்ச? நான் என்ன அந்நியமா?"

சின்னவள் கொஞ்ச நேரம் தரையில் கிடந்த ஊசிகளைப் பொறுக்கினாள்.

"அடுத்து உன்னப் பத்திக் கேட்டாங்க. மூணும் போனதச் சொன்னேன். உனக்கும் இருக்கலாம், அதனாலயும் போயிருக்கலாம்னாங்க. அன்னைக்கே யாராவது பாத்திருந்தா உனக்கும் ஊசி போட்டிருப்பாங்களோ என்னவோ. நான் வயித்தத் தள்ளிக்கிட்டு வந்து, உன் மூஞ்சியப் பாத்து அத எப்படிக்கா சொல்றது? புள்ள பொறக்கட்டும், உன் கைல குடுத்துட்டு சொல்லிக்கலாம்னு இருந்தேன். அவர் உடனே சொல்லுன்னுதான் சொன்னார். நான்தான் வாயைக் கட்டினேன்."

பெரியவள் பெட்டிப் பக்கம் திரும்பினாள். எடுத்து அடைத்த துணிகளை மடித்து மடித்து அலமாரியில் திரும்ப வைத்தாள்.

தங்கையோடு போய் அவளும் ரத்தம் கொடுத்தாள். எடுத்த ரத்தத்தை எங்கே கொண்டு போகிறீர்கள், யார் பேரில் எழுதுகிறீர்கள், மாறிப் போனால் யார் பொறுப்பு என்று லேப்காரனை உலுக்கி எடுத்தாள். முடிவு வந்தது. அவளுக்கும் இருந்தது.

"அப்போ என் மூணும் போனது இதனாலதானா டாக்டர்?"

"இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "இது இருக்கிற நெறைய பேருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லாம நல்லபடியா பொறந்திருக்கு. ஊசி போட்டிருந்தா நின்னிருக்கும்னும் என்னால சத்தியம் பண்ண முடியாது. உறுதியா சொன்னா அது பொய்."

வாழ்நாளெல்லாம் குற்றவாளியைத் தேடியவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. டாக்டர் எதையோ மறைக்கிறாரா என்று அந்த முகத்தை வெகுநேரம் துழாவினாள். அங்கே ஒன்றும் அகப்படவில்லை.

கடைக்கு வந்து கணவரிடம் சொன்னாள். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் மனுஷன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். துணிக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் என்ன நெனச்சிட்டிருந்தேன் தெரியுமா?" என்றார். "இந்த ஆவியிலயும் சூட்டுலயும் உன்ன நிக்க வெச்சேனே, அதனாலதான் போச்சுன்னு. வேற தொழில் பாத்திருக்கலாம். பாக்கல. நான்தான் கொன்னேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"ஒரு நாளாவது வாயத் தெறந்து சொன்னீங்களா?"

"சொன்னா நீ ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயம்."

சொல்லியிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அது அவளுக்கே தெரிந்தது. மேசையைச் சுற்றி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாசலில் ஒரு வாடிக்கைக்காரர் இரண்டு தடவை கனைத்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டார்.

பட்டறைக்கும் போனாள். ஊமைக்கோட்டானைத் தனியே கூப்பிட்டுப் பேசிவிட்டு வந்துவிடலாம்தான். ஆனால் நாலு பேர் நடுவில் ஏசியதற்கு நாலு பேர் நடுவில்தான் தலை குனிய வேண்டும் என்பது அவள் நியாயம். மேஸ்திரி அவளைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார்.

"மாப்பிள்ளை, அன்னைக்கு நான் பேசினது அத்தனையும் தப்பு. எல்லாரும் கேட்டுக்குங்க, தப்பு."

அவன் கையுறையைக் கழற்றினான். என்ன செய்வது என்று தெரியாமல் திரும்ப மாட்டினான்.

"டீ குடிக்கிறீங்களா அக்கா?" என்றான்.

பிரசவத்துக்கு நாள் குறித்து, முதல் நாள் ஊசியை நிறுத்தச் சொன்னார்கள். ஏன் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் ரத்தம் கட்டாதா என்று பெரியவள் மல்லுக்கு நின்றாள். இப்போது போட்டால் பெறும்போது ரத்தம் நிற்காது என்று நர்ஸ் விளக்கினாள். அதைப் பெரியவள் இன்னொரு நர்ஸிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டாள். பெண் குழந்தை பிறந்தது, வீறிட்டு அழுதுகொண்டு. சின்னவளுக்கு மறுபடி ஊசி ஆரம்பித்தது.

மறுநாள் காலை நர்ஸ் வந்து, "எழுந்து கொஞ்சம் நடங்க" என்றாள்.

"நடக்கிறதா!" பெரியவள் கட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றுவிட்டாள். ஜன்னல் வரை நடந்து சரிந்த அம்மாவின் உருவம் அவள் கண்ணுக்குள் இன்னும் விழுந்துகொண்டே இருந்தது. "பெத்த உடம்பு. படுத்தே இருக்கட்டும்."

"படுத்தே இருந்தாத்தான்மா கட்டும். நடந்தா ரத்தம் ஓடும்."

பெரியவள் நர்ஸைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். குழந்தையை வைத்துக்கொண்டு மூலையில் நின்ற ஊமைக்கோட்டான் தலையசைத்தான்.

தங்கையின் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு நடைவழிக்குக் கூட்டி வந்தாள். நாலு கதவு தாண்டியிருப்பார்கள். சின்னவள் இருமினாள். பெரியவள் அப்படியே நின்றாள்.

"என்ன இருமல்?"

"தொண்டை கரகரப்புக்கா."

"நெஞ்சு வலிக்குதா? மூச்சு முட்டுதா? மறைக்காம சொல்லு."

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

பெரியவள் நம்பவில்லை. நர்ஸைக் கூப்பிட்டாள். நர்ஸ் வந்து நாடி பார்த்து, மூச்சு பார்த்து, காலையும் அமுக்கிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்துட்டேன்மா."

பெரியவள் இன்னும் கொஞ்ச நேரம் தங்கையின் முகத்தையே பார்த்தாள். பிறகு பிடியை இறுக்கிக்கொண்டு, "சரி, நட" என்றாள்.