ஒரு ஈ.சி.ஜி., இரண்டு முடிவு

அமெரிக்காவில், மின்னசோட்டாவின் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவுக்கு அன்று மேரிட் ஹால்வர்சன் ஒருத்திதான் டாக்டர். மத்தியானம் தாண்டி சாண்ட்விச்சைப் பிரிக்கும்போது பில்லிங் பிரிவிலிருந்து கோலீன் கூப்பிட்டாள்.

"டாக்டர், காலையில வந்த வெர்ன் டீட்ஸோட ஈ.சி.ஜி.யை நீங்களும் பார்த்து எழுதியிருக்கீங்க, இதய டாக்டரும் எழுதியிருக்காரு. இன்ஷூரன்ஸ்ல ஒருத்தருக்குத்தான் குடுப்பாங்க. யார் பேர்ல போடட்டும்?"

"பார்த்து வைத்தியம் பண்ணினது நான்தானே? என் பேர்லயே போடுங்க."

"போடலாம். ஆனா ரெண்டும் ஒத்துப்போகலையே. நீங்க நார்மல்னு எழுதியிருக்கீங்க. அவரு மாரடைப்பு ஆரம்பம்னு…"

மேரிட் அவசரமாகப் படத்தைத் திரையில் திறந்தாள். கோடு லேசாகத்தான் மேலே எழும்பியிருந்தது. ஆனால் எழும்பியிருந்தது. மாரடைப்பின் அடையாளம் அதுதான்.

வாசல் பனியை வாரியதில் தோள் பிடித்துக்கொண்டது என்றுதான் காலையில் வெர்ன் சொன்னார். அந்த நேரத்தில் விபத்தில் அடிபட்ட இருவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். அவள் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டாள். வெளியூரில் உட்கார்ந்து படத்தை மட்டும் பார்க்கும் இதய டாக்டரோ, ஆள் இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் இருக்கிறார் என்று நினைத்துப் போன் செய்யாமல் விட்டிருப்பார்.

வெர்ன் போனை எடுக்கவில்லை. அவர் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர் என்பது அப்போதுதான் உறைத்தது.

பள்ளிக்கூட அலுவலகத்தில் பானி எடுத்தாள். "வெர்னா? இப்பத்தான் கிளம்பினாரு. பஸ் நிறையப் பிள்ளைங்க."

"வயர்லெஸ்ல கூப்பிடுங்க. என்னைப் பேச விடுங்க."

பானி போனை வயர்லெஸ்ஸோடு ஒட்டிப் பிடித்தபடி இரண்டு முறை கூப்பிட்டாள். பதில் இல்லை, வெறும் இரைச்சல். பஸ் போகும் ஏரிக்கரைச் சாலையின் வளைவுகள் மேரிட்டின் கண்முன் ஓடின. மூன்றாவது முறை வெர்னின் குரல் வந்தது.

"என்ன பானி, எவனாவது பூட்ஸை விட்டுட்டு வந்துட்டானா?"

"வெர்ன், நான் டாக்டர் ஹால்வர்சன். பஸ்ஸை ஓரமா நிறுத்துங்க."

"இங்கயா? பனியில மாட்டிக்கும் டாக்டர்."

"மாட்டட்டும்! காலையில நான் பார்த்தது தப்பு. உங்க இதயத்துல கோளாறு இருக்கு."

பிரேக் கிறீச்சிட்டது. பிள்ளைகள் கத்தினார்கள். பிறகு, மெல்லிய குரலில்: "நிறுத்திட்டேன். எனக்கு ரொம்ப வேர்க்குது டாக்டர்."

அவரை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலைத் தொடும்போது வெர்னின் இதயம் நின்றுபோனது. மேரிட்டே மின்னதிர்ச்சி கொடுத்தாள். இரண்டாவது தடவையில் துடிப்பு வந்தது. ஹெலிகாப்டரில் பெருநகரத்துக்குக் கொண்டுபோய் அடைப்பை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

வெர்னின் மனைவி லொரெய்னிடம் மேரிட் எதையும் மறைக்கவில்லை. லொரெய்ன் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அந்த பஸ்ல என் பேத்தியும் இருந்தா. ஊர்ல எல்லார்கிட்டயும் இதைச் சொல்லத்தான் போறேன்."

"சொல்லுங்க."

உள்ளே அடுத்த நோயாளியின் ஈ.சி.ஜி. காத்திருந்தது. கோடுகள் எல்லாம் சரியாகவே தெரிந்தன. ஆனாலும் நார்மல் என்று எழுதக் கை வரவில்லை. இன்னொன்று எடுக்கச் சொல்லிவிட்டு, மேரிட் அந்த நோயாளியின் பக்கத்திலேயே நின்றாள்.