ஒரே நாளில் இரண்டு கையெழுத்து

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. புதுக்கோட்டையில் என் வீட்டு மாடியில் குடியிருந்த பெண்ணுடையது. காலி செய்த அன்று சாவி கொடுக்க வந்தவர், நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னார். முடித்ததும், "எழுதுறதுன்னா பேரை மாத்திருங்க. சாரை மட்டும் கெட்டவரா ஆக்கிறாதீங்க" என்றார்.

பெயரை மாற்றிவிட்டேன். இலக்கியா.

(வீட்டைக் காலி செய்ததை வைத்து முடிவை ஊகிக்க வேண்டாம். அது எந்த முடிவுக்கும் பொருந்தும்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கட்டுமாவடிக்குத் தெற்கே, கடல் மூச்சுவிடும் சதுப்பில், கொக்கொன்று ஒற்றைக்காலில் தவம்—'

வேண்டாம். இலக்கியா கொக்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மண்ணைப் பற்றித்தான் சொன்னார். அவர் ஈரநில ஆய்வாளர். திருச்சியில் ஒரு சிறு ஆலோசனை நிறுவனத்தில் வேலை. குழி தோண்டும்போது மண் சாம்பலாக இருந்து, நடுநடுவே துருப்புள்ளி தெரிந்தால் அங்கே வெகுகாலம் நீர் நிற்கிறது என்று பொருள். ஈரநிலம் எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் கோடு போடுவது அவர் தொழில். கோட்டுக்கு உள்ளே இருப்பது பிழைக்கும். வெளியே இருப்பது போய்விடும்.

இந்தத் தொழிலுக்கு ஒரு சான்றிதழ் உண்டு. வெளிநாட்டுச் சங்கம் ஒன்று தருவது. (அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.) களத்தில் சில வருடம் உழைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே சான்று பெற்ற ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். நேர்மைக்கு உறுதிமொழி தர வேண்டும். சான்று பெற்ற எவராவது பொய்க்கோடு போட்டது தெரிந்தால் சங்கத்திடம் சொல்லியாக வேண்டும் என்பதும் அந்த உறுதிமொழியில் உண்டு.

இலக்கியாவின் அலுவலகத்தில் சான்று பெற்றவர் வெற்றிசெல்வன் மட்டும்தான். குளத்தூர்க்காரர். மண்ணை எப்படிப் பார்ப்பது என்று இலக்கியாவுக்குக் காட்டியவர்.

3

வெற்றிசெல்வனுக்கு நான் தங்கத்தில் ஒரு பிரேஸ்லெட் போட்டு, ஏசி காரில் உட்காரவைத்து—

வரைவை இலக்கியாவுக்கு அனுப்பினேன். 'சார் கையில வாட்ச்கூடக் கெடையாது. சேத்துல எறங்குற மனுசன்' என்று பதில் வந்தது. அடித்துவிட்டேன். கெட்டவர் இல்லாமல் கதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரிந்தது.

நடந்தது இதுதான். கட்டுமாவடிப் பக்கத்துச் சதுப்பில் ஓர் இறால் பண்ணை தன்னை விரிக்க நினைத்தது. இலக்கியா போட்ட கோட்டுக்குள் அவர்கள் கேட்ட இடம் முழுக்க விழுந்தது. வெற்றிசெல்வன் கூப்பிட்டார்.

"தண்ணி வத்துன கோடையில அளவு எடுத்த மாதிரி வச்சா, கோடு கொஞ்சம் அங்கிட்டு நகராதா?"

"மண்ணு நகராதே சார்."

"சரி, விடு" என்றார். மறுபடி கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் காலையில் அவளுடைய பரிந்துரையில் கையெழுத்திட்டார். 'கண்டதை மாற்றி எழுதாதவர்' என்று அதில் இருந்தது. அன்று மதியமே, நகர்த்திய கோட்டோடு இருந்த வரைபடத்திலும் கையெழுத்திட்டார்.

('அவளுடைய' என்று எழுதிவிட்டேன். இதுவரை 'அவர்' என்றுதான் எழுதினேன். இந்த இடத்தில் அவள் சின்னப் பெண்ணாகிவிட்டாள். அப்படியே இருக்கட்டும்.)

4

"ஒன்னையக் கையெழுத்துப் போடச் சொல்லலையேம்மா. ஒன் பேரை எடுத்துட்டு என் பேருலதான் போட்டேன்."

"என்னையப் பத்தி எழுதுனீங்களே சார்?"

"அதுல ஒரு வார்த்த பொய் கெடையாது."

"மேப்புல?"

அவர் ஜன்னலைச் சாத்தினார். வெளியே இரைச்சல் ஏதுமில்லை.

"இந்த வேலை கைவிட்டுப் போச்சுன்னா ஆபீஸை மூடிருவாங்க. எல்லாரும் எங்க போவீங்க? இதை முடிச்சா ஜெகதாப்பட்டினத்துலயும் ஒரு வேலை தாறோங்கிறாங்க." பிறகு மெதுவாக, "புகார் எழுதணும்னா எழுது. தடுக்க மாட்டேன். அனுப்புறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிரு. வனிதாட்ட நான் மொதல்ல சொல்லணும்" என்றார்.

வனிதா அவர் மனைவி.

5

சான்றிதழ் வந்த வாரமே சதுப்பில் பொக்லைன் இறங்கியது. இலக்கியா போய்ப் பார்த்தாள். உப்புச் சதுப்பில் வளரும் உமரிச்செடிகள் வேரோடு புரண்டு பண்ணையின் கரையாகியிருந்தன. புரட்டிய மண் சாம்பல் நிறத்தில் ஈரமாகக் கிடந்தது; துருப்புள்ளிகள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தன. அன்றைக்கே புகாரை எழுதிவிட்டாள். அனுப்பவில்லை. அனுப்பினால் அவர் சான்று போகும். அவர் பரிந்துரையில் வந்த தன் சான்றும் ஆட்டம் காணும்.

(இந்த இடத்தில் ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். விசாரணை வருகிறது, கரையை உடைக்கிறார்கள், நீர் திரும்புகிறது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றில் அவள் புகாரை அழித்துவிட்டுத் தூங்கப் போகிறாள். அதை நம்ப முடிந்தது. அதனாலேயே கிழித்தேன்.)

6

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளத்தூருக்குப் போனாள். அனுப்புமுன் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லியிருந்தாரே, அதற்காக. வனிதாதான் கதவைத் திறந்தார்.

"வா இலக்கியா. சான்றிதழ் வந்துருச்சாமே. ஒன்னையப் பத்திப் பேசாத நாளில்ல அவரு. நமக்குப் பெறகு இந்தப் புள்ள பாத்துக்கிரும்னு சொல்லுவாரு."

டீ வந்தது. இலக்கியா குடித்தாள்.

"சார் இல்லையாக்கா?"

"ஜெகதாப்பட்டினம் போயிருக்காரு. ஏதோ எடம் பாக்கணுமாம். போனையும் இங்கயே வச்சுட்டுப் போயிட்டாரு." வனிதா அவள் முகத்தைப் பார்த்தார். "என்னமோ சொல்ல வந்த மாதிரி இருக்கே. எங்கிட்டச் சொல்லு, நான் சொல்லிர்றேன்."

இலக்கியா என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எதை எழுதினாலும் இரண்டு பெண்களில் ஒருத்தியை நான் தண்டிக்க வேண்டியிருக்கிறது. இந்நேரம் அந்த மனிதர் ஜெகதாப்பட்டினத்துச் சேற்றில் இறங்கியிருப்பார்.

டம்ளரை வாங்கக் கை நீட்டியபடி வனிதா நிற்கிறார். இலக்கியாவின் இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள்.