வெயிலுக்கு வராதவள்

எங்கள் தீவில் ஒரு பெண் வெயிலுக்குக் குடை பிடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சிவப்பாக வேண்டும் என்ற ஆசை. வேறு காரணம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. கடைக்குக் கடை வெளுக்கிற சோப்பு அடுக்கியிருக்கிற ஊர், எப்படித் தோன்றும்? எனக்கு இருந்தது லூபஸ்.

சொந்த உடம்பே தன்னை எதிரி என்று நினைத்துக்கொண்டு சண்டை போடுகிற நோய். கொஞ்சம் வெயில் பட்டால் போதும், இரண்டு கன்னமும் சிவந்துவிடும், மூட்டெல்லாம் வீங்கும், ஒரு வாரம் படுக்கைதான். செபு நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் இதைச் சொன்னபோது கூட இருந்தவர் என் கணவர் ரெனான்டே மட்டும். கப்பலில் திரும்பும்போதே அவர் முடிவு கட்டிவிட்டார்.

"இத வெளிய சொல்லாத, ஜோவி. நாம விக்கிறது திங்கிற பொருள். வியாதிக்காரி கை பட்ட கருவாடுன்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்?"

எனக்கும் அந்தப் பயம்தான். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து கருவாட்டுக் களம் நடத்துகிறோம். விடிவதற்குள் ஓரா மீனை முதுகில் கீறிப் பிளந்து, உப்பில் ஊறவைத்து, மூங்கில் தட்டியில் பரப்பிவிட வேண்டும். உச்சி வெயிலில் அத்தனையையும் திருப்பிப் போட வேண்டும். கீறுவதில் என் கைக்கு ஈடு கிடையாது, அதை என்னைப் பிடிக்காதவளும் ஒத்துக்கொள்வாள். ஆனால் திருப்பிப் போடுகிற நேரம் வந்தால் முழுக்கைச் சட்டையும் குடையுமாகத் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கிவிடுவேன்.

"என்ன இண்டாய், வெயில் பட்டா உருகிடுவியா? நீ என்ன வெண்ணெயா?" என்று கேட்பார் களத்துக்கெல்லாம் மூத்தவரான மனாங் பசிலிசா. மனாங் என்றால் எங்கள் பேச்சில் அக்கா, இளையவளை இண்டாய் என்போம்.

"தலைவலி, மனாங்."

"தினமும் உச்சி வேளைக்குன்னு கரெக்டா வர்ற தலைவலியா? நல்ல வளர்ப்பு வளத்திருக்க."

ஒருநாள் நான் குடைக்குள் உட்கார்ந்திருந்ததை அவரே படம் பிடித்து, ஊர் முகநூல் குழுவில் போட்டுவிட்டார். பன்றிக்குட்டியும் பழைய மோட்டார் சைக்கிளும் விலை பேசுகிற குழு அது. தீவில் பாதிப் பேர் அதில்தான் கிடப்பார்கள். 'சோப்புக்கார பெர்லிட்டாவுக்குப் போட்டி வந்தாச்சு. இவ வெளுக்கறா, இவ பங்கு வெயிலையும் சேத்து நாங்க கறுக்கறோம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் களத்துல கூட்டம். இவ வேணுமா வேண்டாமான்னு பேசிடலாம்.' அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி நின்றன.

எனக்கு வந்த கோபத்தில் ஒரு கூடை மீனைப் பச்சையாகவே கடித்துத் தின்றிருப்பேன். நோயைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், மினுக்கி என்கிற பேரைப் பொறுக்க முடியவில்லை. ரெனான்டே கடலில் இருந்தார், தடுக்க ஆளில்லை. வீங்கிய கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி எழுதினேன்.

'நான் வெளுக்கறதுக்காகக் குடை பிடிக்கல. எனக்கு லூபஸ். காலையில எழுந்தா சட்டைப் பொத்தான் போட முடியாது, என் புருஷன் போட்டு விடறார். சீப்புல முடி கொத்துக் கொத்தா வருது. அப்படியும் இருட்டுல எழுந்து வந்து உங்களோட மீன் கீறறேன், ஏன்னா அந்தக் களத்துல உங்க வாய்ச்சண்டையக் கேட்டாத்தான் நான் உயிரோட இருக்கேன்னு எனக்கு நம்பிக்கை வருது. வெயில்ல மட்டும் என்னால நிக்க முடியாது. சோம்பேறின்னு சொல்லுங்க, பரவாயில்ல. மினுக்கின்னு சொல்லாதீங்க.'

போட்டுவிட்டு போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன். திரும்ப எடுத்துப் பார்த்தபோது ஆளுக்கொரு மருந்து எழுதியிருந்தார்கள். ஒருத்தி முருங்கைக் கீரை சாப்பிடச் சொன்னாள். ஒருவர் முள்சீத்தா இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார். ஆலமரத்தடியில் குடியிருக்கிற ஆவி எதையோ மிதித்திருப்பாய், போய் மன்னிப்புக் கேள் என்று இன்னொருத்தி. சிரித்துக்கொண்டே படித்து வந்தவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். 'இது ஒட்டுமா? போன வாரம்தான் அந்தக் களத்துக் கருவாடு வாங்கினேன்.'

அதற்குக் கீழே ஒருவருக்கும் சிரிப்பு இல்லை. ஒட்டாது என்று நான் எழுதியதை யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

கரை திரும்பிய ரெனான்டே செய்தியைத் துறையிலேயே கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். "சொன்னேனா இல்லையா?" என்றார். ஆனாலும் மறுநாள் காலையில் வழக்கம்போல வந்து என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார்.

அன்று மதியம் பெர்லிட்டாவிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. அவளைத் தெரியாதவர் இங்கே கிடையாது. வெள்ளையடித்த சுவர் மாதிரி பவுடர், முழங்கை வரை கையுறை, கடற்கரைக் கடைக்காரர்களே பொறாமைப்படுகிற அளவுக்குப் பெரிய குடை. சோப்பு விற்க வந்திருக்கிறாள் என்று நினைத்துத்தான் திறந்தேன்.

'காலையில விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகுது உனக்கு?'

திரும்பத் திரும்பப் படித்தேன். நோய் வந்தவளைத் தவிர இந்தக் கேள்வி யாருக்குத் தோன்றும்?

'உங்களுக்குமா?' என்று எழுதினேன்.

'எட்டு வருஷமா. ஊர் என்ன மினுக்கின்னு நெனச்சுது, நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் அதுக்குத் தோதா சோப்பும் விக்க ஆரம்பிச்சேன். நோயாளின்னு பாவப்படறத விட, திமிர் பிடிச்சவள்னு திட்டினா எனக்கு வலி கம்மி.'

அழுகை வந்துவிட்டது. துக்கத்தினால் இல்லை. இரண்டு தெரு தள்ளி, எட்டு வருஷமாக, என்னைப் போலவே ஒருத்தி காலையில் விரலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் வரை எழுதிக்கொண்டே இருந்தோம். எந்த மாத்திரைக்கு வயிறு எரியும், முடி திரும்ப வளருமா, கோபம் ஏன் இப்படி வருகிறது என்று எல்லாம் பேசினோம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வருகிறீர்களா என்று மட்டும் கேட்டேன்.

'முடியாது ஜோவி. நீ சொன்னதுக்கே ஊர் என்ன கேக்குதுன்னு பாத்தேல்ல?' என்று எழுதினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கூட்டத்தில் மனாங் பசிலிசா என் முகத்தையே பார்க்கவில்லை. "மினுக்கின்னு எழுதினது என் தப்பு. வாய்க்கொழுப்பு. அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "ஆனா வாங்கறவங்க போன் மேல போன் போடறாங்க, இண்டாய். ஒட்டாதுன்னு நீ சொல்ற. நாளைக்கு ஒருத்தனும் வாங்கலன்னா இத்தன குடும்பமும் என்ன பண்ணும்?"

என் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் கொட்டகை வாசலில் அந்தப் பெரிய குடை வந்து நின்றது.

பெர்லிட்டா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. குடையை மடக்கினாள். மீன் கழுவ வைத்திருந்த நல்ல தண்ணீரில் துண்டை நனைத்தாள். முகத்தை அழுத்தித் துடைத்தாள். பவுடர் போன இடத்தில், மூக்கின் மேல் தொடங்கி இரண்டு கன்னத்திலும், எனக்கு இருக்கிற அதே சிவப்பு. ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நல்லாப் பாத்துக்கோங்க. அவளுக்கு இருக்கறதுதான் எனக்கும்" என்றாள். "எட்டு வருஷமா என் கையால சோப்பு வாங்கி மூஞ்சில தேய்க்கறீங்களே, எவளுக்காவது ஒட்டிச்சா?"

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஒட்டவும் இல்ல, வெளுக்கவும் இல்ல."

முதலில் சிரித்தது பெர்லிட்டாதான். அப்புறம் சிரிப்பு அடங்கவே நேரமானது. மனாங் பசிலிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த மூஞ்சியப் படம் எடுத்துப் போடட்டா?" என்று அவளிடம் கேட்டார்.

"போடுங்க. இப்ப சொன்னதையும் சேத்துப் போடுங்க. வாங்கறவன் படிக்கட்டும்."

"ஜோவி கீறட்டும், உப்புப் போடட்டும். வெயில நாம பாத்துக்கலாம்" என்றார் மனாங் எல்லாரையும் பார்த்து. யாரும் மறுக்கவில்லை. நான் கத்தியை அது இருந்த இடத்திலேயே வைத்தேன்.

பெர்லிட்டா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இன்னைக்கு விரல் எப்ப மடங்குச்சு?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

"பூசைல கை கூப்பும்போதுதான்" என்றேன்.

"எனக்கு இன்னும் மடங்கல."

"என் முழங்காலுந்தான் ரெண்டு வருஷமா மடங்கல" என்று முணுமுணுத்தார் மனாங் பசிலிசா. "மாடிப்படிய விட்டுட்டேன், கோயில்ல முட்டி போடறதையும் விட்டுட்டேன். எவ கேட்டா?"

அவர் பூசையில் நின்றுகொண்டே இருப்பதை வீம்பு என்றுதான் நாங்கள் எல்லாரும் பேசிக்கொள்வோம்.

நான் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டேன். "இப்படி உக்காருங்க, மனாங். எங்க வலிக்குது, சொல்லுங்க."