ஜன்னலுக்குள் ஒரு படகு

ஏரியின் பழைய படகுத்துறையை இடிக்கப் போகிறார்கள், அவரவர் படகுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஏரிக் காவலர் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். நடை அப்படி என்பதால் ஊரே அவரை வாத்து என்றுதான் கூப்பிடும். அவரும் கோபித்துக்கொள்வதில்லை. ஏரிக்கடியில் கற்களை இறக்கி, சங்கிலி கட்டி, மேலே ஆரஞ்சு நிற மிதவைகளைப் போட்டு வைத்திருந்தார்கள். மிதவைக்கு ஒரு படகு. நல்ல இடங்களையெல்லாம் முந்தினவர்கள் பிடித்துக்கொள்ள, மூன்று மிதவைகள்தான் மிச்சம்.

அவளுக்குப் படகைப் பற்றி ஆனா ஆவன்னா தெரியாது. படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடை அவளுடையது. படகு அவள் கணவருடையது. அவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் மேலும் கீழும் போய்வருகிற மனுஷனுக்கு, ஞாயிற்றுக்கிழமையாவது அகலமாக எதையாவது பார்க்க வேண்டும். அதற்காக ஆசை ஆசையாய் வாங்கிய சின்னப் பாய்மரப் படகு அது.

ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததோடு எல்லாம் நின்றுபோனது. "எலும்பு கூடிடுச்சும்மா. இனிமே அவரா எழுந்து நின்னாதான் உண்டு. இப்படியே படுத்திருந்தா அப்புறம் நடக்கவே முடியாது" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவரோ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். அவள் கெஞ்சிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள். கல்லில் நார் உரித்த கதைதான்.

"படகை எங்கங்க கட்டச் சொல்றது?"

"எங்கயாவது கட்டு. இல்லன்னா வித்துடு."

படகை விற்றுவிட்டால் இந்த மனுஷன் எதற்காக எழுந்து நிற்பார்?

அன்று மதியம் அவர் கண் அயர்ந்திருந்தார். அவள் சத்தம் போடாமல் அவர் தலையணையின் ஓரத்தில் தன் தலையையும் வைத்துப் படுத்தாள். ஏரியில் பட்டுத் திரும்பிய வெயில் கூரையில் நெளிந்துகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க அறையே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோலவும் தாங்கள் இருவரும் அதில் மூச்சுவிடக் கற்றுக்கொண்டவர்கள்போலவும் தோன்றியது. அந்த மயக்கத்திலேயே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். கொஞ்சம் வானம், எதிர்க்கரை மரங்கள், அதற்குக் கீழே ஒரு கீற்றுத் தண்ணீர். அந்தக் கீற்றின் நட்டநடுவில் ஆரஞ்சாக ஒரு புள்ளி. சட்டம் போட்டே பழகிய கண்ணுக்கு அது போதும். இடம் கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை வாத்தின் துடுப்புப் படகில் ஏறிக்கொண்டாள். பாய்மரப் படகைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். பனி மூடிய ஏரியில் கரையும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. துடுப்புச் சத்தம் மட்டும் யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் கேட்டது. இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம்போல் இருந்தது அவளுக்கு.

"நாணல் பக்கம் கட்டினா காத்துக்கு மறைப்பா இருக்கும் அக்கா. இந்த இடம் எதுக்கு?"

"இங்கதான் தம்பி அவர் கண்ணுக்குத் தெரியும்."

பனி விலகியபோது கரை கூப்பிடு தூரத்தில் இருந்தது. மாடியில் அவர்கள் ஜன்னலும் தெரிந்தது. வாத்து படகின் முன்முனையை மிதவையில் கட்டினார். கட்டியதுதான் தாமதம், படகு சாவகாசமாகத் திரும்பி ஒருபக்கமாக ஒதுங்கிக்கொண்டது.

"ஐயோ, இப்படி ஆடினா ஜன்னலை விட்டுப் போயிடுமே! பின்னாலயும் ஒரு கயித்துல கல்லைக் கட்டி இறக்கிடுங்க தம்பி."

வாத்து தலையைச் சொறிந்தார். "படகுன்னா காத்துக்குத் தக்கன திரும்பத்தானே அக்கா செய்யும்?"

"நீங்க கட்டுங்க."

கட்டினார். படகு ஆடாமல் அசையாமல் ஒரே பக்கம் பார்த்து நின்றது. அவள் தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். கோணல் இல்லை.

வீட்டுக்கு ஓடி, அவரைத் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டாள். வெகுநேரம் பார்த்தார்.

"ஏன் அசையவே மாட்டேங்குது?"

"முன்னாலயும் பின்னாலயும் கட்டியாச்சு. இனி எப்பவும் உங்க கண்ணு முன்னாலயே இருக்கும். நீங்க சிரமப்படவே வேணாம்."

"செத்தவங்க படத்தை மாட்டுற மாதிரி மாட்டிட்டியேம்மா" என்றார். பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. பார்த்துப் பார்த்துச் செய்ததற்கு இதுவா பேச்சு? ஆனால் படியிறங்கும்போதே அவர் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. உயிரோடு இருக்கிற மனுஷனுக்கல்லவா அவள் சட்டம் போட்டு வைத்திருக்கிறாள்!

வாத்தை மறுபடி கூட்டிக்கொண்டு போய்ப் பின்கயிற்றை அவிழ்க்கச் சொன்னாள். காற்றும் அதற்குள் திசை மாறியிருந்தது. படகு உடம்பை நெளித்து, மெல்ல மெல்ல நகர்ந்து, மிதவையின் அந்தப் பக்கத்துக்கே போய்விட்டது. இப்போது தலையணையிலிருந்து பார்த்தால் வெறும் தண்ணீர்தான் தெரியும். இதுவும் போச்சா என்று அவள் துடுப்புப் படகிலேயே கைகளைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் எங்கும் பரவி, ஏரி கண்ணைக் கூச வைத்தது.

"அக்கா" என்றார் வாத்து. "அங்க பாருங்க."

ஜன்னல் திரை ஒருபக்கமாக இழுபட்டது. முதலில் சட்டத்தைப் பற்றிய ஒரு கை தெரிந்தது. அப்புறம் படுத்துப் படுத்துக் கலைந்த தலை. படகு எங்கே போனது என்று கழுத்தை நீட்டித் தேடிக்கொண்டு, ஜன்னலைப் பிடித்தபடி அவர் நின்றார்.

"யார் கட்டினது அதை?" குரல் தண்ணீர்மேல் ஓடி வந்தது. "கயிறு குட்டையா இருக்கு! விடு, இன்னும் விடு!"

அவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. எந்த முடிச்சு எது என்று தெரியாமலே மிதவையில் இருந்த கயிற்றைத் தளர்த்தினாள்.

"இன்னும்!" என்று கத்தினார் அவர்.

அவள் விட்டாள்.