திருப்பிப் போட்ட படம்

விலை ஏன் இவ்வளவு என்று கேட்காமல் கார் வாங்கிய ஆளை ஹாங்காங்கில் நான் பார்த்ததே இல்லை. பணக்காரன்தான் முதலில் கேட்பான். வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம் விற்பனையில் இருந்தேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. சொல்லிச் சொல்லி அதை நன்றாகத் தீட்டி வைத்திருந்தேன். சொல்லி முடிக்கும்போது வாடிக்கையாளர் தலையாட்டுவார். எனக்கு உச்சி குளிரும். அந்தத் திமிருக்குத்தான் பின்னால் அனுபவித்தேன். நான் அனுபவித்தது கொஞ்சம்தான். மிச்சத்தை வேறொருத்தி அனுபவித்தாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம், மார்ச் மாதம். ஷாம் ஷுய் போவில் பள்ளிச் சீருடைக் கடை வைத்திருக்கும் யிம் என்பவர் எங்கள் ஷோரூமுக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சட்டைக் காலரில் ஒரு ஊசி குத்தியிருந்தது. எடுக்க மறந்திருப்பார். மகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். மியூ-லிங் என்று பெயர், இருபது வயது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் கால்கள் போய்விட்டன. அப்பாவின் கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைப்பது அவள் வேலை.

வந்ததும் யிம் ஒரு கடிதத்தை மேஜைமேல் பிரித்து வைத்தார்.

"மேடம், என் மச்சான் ராட்டர்டாம்ல ஓட்டல் வெச்சிருக்கான். இதே வண்டி அங்க பாதி விலைன்னு எழுதியிருக்கான். இங்க மட்டும் என்ன, தங்கத்துலயா டயர் மாட்டி விக்கறீங்க?"

நான் விரலை மடக்கினேன்.

"யிம் சார், அவங்க ஊர்ல ஸ்டியரிங் இடது பக்கம், நமக்கு வலது. ஸ்டியரிங் இந்தப் பக்கம் வந்தா பிரேக், வைப்பர், முன்னாடி லைட்டு எல்லாத்தையும் மாத்தணும். அதுக்குத் தனி அச்சு. மோதிப் பாக்கற சோதனையும் தனி. அந்தச் செலவ லட்சம் வண்டிக்குப் பிரிச்சா ஒண்ணுமே தெரியாது. நமக்கு வருஷத்துக்கு நாப்பது வண்டிதான் வருது, நாப்பது பேர் தலையில ஏறுது. அப்புறம் கப்பல் கூலி. இது எல்லாத்தையும் கூட்டி அதுக்கு மேல கவர்மெண்டு பதிவு வரி."

"சரிதான். ஊரும் சின்னது, பக்கமும் தப்பு. அதான் அடிக்கறாங்க."

இதுவரை நான் சொன்னதெல்லாம் உண்மை. அங்கே வாயை மூடியிருக்கலாம். ஆனால் என் பேச்சுக்கு ஒரு வால் உண்டு, அதைச் சொல்லாமல் எனக்கு முடிந்த மாதிரி இருக்காது.

"ஆனா சார், காசு எங்கயும் போகல. நமக்குன்னு முழு வண்டியையே திருப்பிச் செய்யறாங்க. கண்ணாடியில பாக்கற மாதிரி. அதுக்குத்தான் கொடுக்கறீங்க."

அந்த வால் என் சொந்தச் சரக்கு. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வண்டி இன்னும் கப்பல் ஏறவில்லை. காட்டுவதற்கு விளம்பரப் புத்தகம் மட்டும்தான். முழுப் பக்கப் படத்தில் ஒரு வெள்ளைக்காரர் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு வண்டியருகே நிற்கிறார். எஞ்சின் பின்பக்கம் இருப்பதால் தளம் தாழ்வாக இருக்கும். பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் அகலமான கதவு. அந்தக் கதவு ஒரு பக்கம்தான் உண்டு, மறுபக்கம் வெறும் தகடு.

யிம் அந்தக் கதவின்மேல் விரலை வைத்தார்.

"இதுக்குத்தான்மா வந்தோம். நாற்காலியப் பாத்தா டாக்ஸிக்காரன் நிக்கவே மாட்டேங்கறான். நின்னாலும் மூஞ்சியத் தூக்கறான். இது பாருங்க, இடது பக்கம் கதவு. ஓரமா நிறுத்தித் தொறந்தா நடைபாதை. பலகையப் போட்டா அவளே உருண்டு கடைக்குள்ள போயிடுவா. நடைபாதை உயரத்தக்கூட அளந்துட்டேன்."

மியூ-லிங் படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். கதவைப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, இது நம்ம ஊருக்கு வர்ற வண்டியோட படம்தானே?"

"ஆமாம்மா, அதேதான்," என்றேன்.

அந்தப் படம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது வண்டி வாங்கும் ஊருக்காக எந்தக் கம்பெனியும் தனியாகப் படம் எடுப்பதில்லை. இடது ஸ்டியரிங் படத்தையே அனுப்புவார்கள். அச்சுக்குப் பிலிம் போடும்போது அதைத் திருப்பிப் போட்டுவிட்டால் ஸ்டியரிங் வலது பக்கம் வந்துவிடும். நம்பர் பலகையையும் பெயர் எழுத்துகளையும் மட்டும் அழித்துச் சரியாக ஒட்ட வேண்டும். ஊரில் எல்லா இறக்குமதிக்காரர்களும் செய்கிற வேலைதான். எங்களுக்குப் பிலிம் போடுபவன் ஆ-சிங். இந்தப் புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்த அன்றைக்கு, விளக்குப் பலகையின்மேல் பிலிமை வைத்துவிட்டுக் கேட்டான்.

"மோக் அக்கா, படத்தத் திருப்பினா கதவும்ல இந்தப் பக்கம் வந்துடுது. நெஜ வண்டியில கதவையும் மாத்தறானா?"

"இந்த விலைக்கு மாத்தாம இருப்பானா?"

"ஒரு ஃபேக்ஸ் போட்டுக் கேட்டுடுங்க."

"பதில் வர ரெண்டு நாள் ஆகும். வெள்ளிக்கிழம கண்காட்சி. உனக்குப் பிலிம் போடத் தெரியும், எனக்கு வண்டி தெரியும். போடு."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போட்டான். ஊரை ஏமாற்ற நான் செய்த பேச்சில் நானே ஏமாந்து போனேன் என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் ஆ-சிங் கேட்டபோது எனக்கும் ஒரு சந்தேகம் எழுந்தது. அதை நான்தான் அமுக்கினேன்.

ஜூலையில் கப்பல் வந்தது. முதலாளி பூனும் நானும் துறைமுகத்துக்குப் போனோம். வண்டிகள் வரிசையாக நின்றன. ஸ்டியரிங் வலது பக்கம். கதவும் வலது பக்கம். ஓரமாக நிறுத்தினால் அந்தக் கதவு திறப்பது நட்டநடு ரோட்டைப் பார்த்து. வரிசையில் ஒன்றாவது மாறியிருக்காதா என்று நாற்பதையும் நடந்து பார்த்த முட்டாள் நான்.

கேட்காமல் விட்ட கேள்வியை அன்று மாலை ஃபாக்டரிக்கு ஃபேக்ஸ் போட்டுக் கேட்டேன். பதில் இரண்டே வரி. ஸ்டியரிங்கும் அது சார்ந்தவையும் மாற்றப்பட்டுள்ளன. நாற்பது வண்டிக்காகக் கதவை இடம் மாற்ற இயலாது. இடது பக்கத் தகட்டை வெட்டி நாமே கதவு வைக்கலாமா என்று பட்டறையில் விசாரித்தேன். அந்தப் பக்கம்தான் பெட்ரோல் டேங்க், தொட முடியாது என்றார்கள்.

பூன் பதறவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, எறும்பு மாதிரி இருந்த எழுத்தைக் காட்டினார்.

"படத்துக்கும் வண்டிக்கும் வித்தியாசம் இருக்கலாம்னு போட்டிருக்கு பாரு. எல்லாருக்கும் ஒரு லெட்டர் எழுது. ஃபாக்டரி நமக்குச் சொல்லாம மாத்திட்டான்னு எழுது. அட்வான்ஸ் திரும்ப வராது."

"முதலாளி, அந்தச் சீருடைக் கடைக்காரரு பொண்ணுக்காக வாங்கறாரு. அவருக்காவது..."

"அவருக்குக் கொடுத்தா முப்பத்தொம்பது பேரும் வாசல்ல நிப்பான். அப்புறம் யார் படத்தத் திருப்பினாங்கன்னு கேப்பான். நான் யாரக் காட்டணும்?"

நான் தட்டச்சு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். கடிதம் அழகாக வந்திருந்தது. வருந்துகிறோம் என்ற சொல்லை மூன்று இடத்தில் போட்டிருந்தேன்.

யிம் கடிதத்தோடு வந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீங்க என்ன பண்ணுவீங்க பாவம். அவன் அங்க உக்காந்துட்டு ஏமாத்திட்டான். கட்டினது கட்டியாச்சு, டாக்ஸிக்கு இது தேவலாம். எடுத்துக்கறேன்."

டீ கொண்டுவரச் சொன்னேன்.

வண்டி கொடுத்த மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் கடைக்குப் போனேன். கடை வாசலில் அகலம் குறைந்த சாலை, இரு பக்கமும் போக்குவரத்து. இரட்டை மாடி பஸ்கள் வண்டியின் கண்ணாடியை உரசுகிற மாதிரி போகும். யிம் ஓரமாக நிறுத்தி இறங்கி வந்து கதவைத் தள்ளினார். பலகை சாலையின் நடுவே நீண்டது. மியூ-லிங் அதன் மேல்முனையில் நாற்காலியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து ஒரு பஸ் வந்தது.

யோசிக்க நேரமில்லை. சாலையில் குதித்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். பஸ் கிறீச்சென்று நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏம்மா, சாகறதுக்கு வேற பஸ் கெடைக்கலயா?"

யிம் மகளை இறக்கி, வண்டியைச் சுற்றித் தள்ளிக்கொண்டு வந்து நடைபாதையில் ஏற்றினார். ஹாரன்கள் ஒன்றுசேர்ந்து கத்தின. வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் என் கையைப் பிடித்தார்.

"நீங்க வந்தது ரொம்ப நல்லதாப் போச்சு. வித்துட்டு மறந்துடற ஆளுங்கதான் ஊர்ல ஜாஸ்தி."

வண்டியை நிறுத்த அவர் போனார். கடைக்குள் நானும் மியூ-லிங்கும் மட்டும். அவள் மேஜையில் ஒரு பையனின் வெள்ளைச் சட்டையை விரித்து, ஊசியில் நூல் கோத்தாள்.

"அக்கா, அந்தப் படத்துல நிக்கற ஆளு சட்டையப் பாத்தீங்களா?"

"இல்லையே."

"ஆம்பளச் சட்டைக்குப் பட்டன் வலது பக்கம் வரும். அவருக்கு இடது பக்கம் இருந்தது, பொம்பளச் சட்டை மாதிரி. எட்டு வருஷமா பட்டன் தைக்கறேன், எனக்குத் தெரியாதா? மொத நாளே பாத்தேன்."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"உங்ககிட்ட கேட்டேனே. ஆமான்னு சொன்னீங்க. எவ்வளவு பெரிய கம்பெனி, வழவழன்னு பேப்பரு. அந்த ஊர்ல ஆம்பளைங்களுக்குப் பட்டன் அப்படித்தான் போலன்னு நெனச்சுக்கிட்டேன். எனக்குத்தான் தெரியலன்னு விட்டுட்டேன்."

நம்பர் பலகையை அழித்திருந்தேன், எழுத்துகளை அழித்திருந்தேன். பட்டன் என் கண்ணில் படவில்லை. அது பட்டது இவள் கண்ணில். தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயத்தை, என் ஒரு வார்த்தைக்காக, தப்பென்று நினைத்துக்கொண்டாள். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமாக நான் உணர்ந்ததில்லை.

"ஃபாக்டரி ஏமாத்தல," என்றேன். "படத்தத் திருப்பச் சொன்னது நான்தான். கேட்டுட்டுப் போடுங்கன்னு ஒருத்தன் சொன்னான். கேக்கல. லெட்டர் எழுதினதும் நான்தான்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அப்பாகிட்ட சொல்லாதீங்க. உங்களப் பத்தி எல்லார்கிட்டயும் பெருமையாப் பேசிட்டிருக்காரு." பிறகு சட்டையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள், "நாளைக்கும் எட்டு மணிக்கு வாங்க மேடம். யாராவது ரோட்டுல நிக்கணும்."

அதுவரை அக்கா என்று கூப்பிட்டவள்.

போனேன். மறுநாள், அதற்கு மறுநாள், ஞாயிறு தவிர எல்லா நாளும். கையை விரித்து நிற்கப் பழகிவிட்டது. டிரைவர்களுக்கும் நான் பழகிப்போனேன், ஒருத்தர் டிராஃபிக் போலீஸ் அம்மா என்று பெயரே வைத்தார். பதினொரு நாள் போனேன். பன்னிரண்டாம் நாள் நல்ல மழை. அன்று போகவில்லை. அதற்கடுத்த நாள் ஒரு கூட்டம் இருந்தது. அதற்கப்புறம், இரண்டு நாள் வராததற்கு என்ன சொல்வது என்று வெட்கமாக இருந்ததால் போகவில்லை. அவர்கள் போன் செய்து கேட்கவும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து வேறு கம்பெனிக்கு மாறினேன். ஜப்பான் கார்கள். அவர்களும் நம்மைப் போல வலது ஸ்டியரிங்காரர்கள், பேச்சே தேவைப்படவில்லை. ஒரு நாள் காலை ஷாம் ஷுய் போ வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, மாடியில் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். பஸ் திடீரென்று நின்றது. கீழே டிரைவர் திட்டுவது கேட்டது.

எட்டிப் பார்த்தேன். சாலையின் நடுவே யிம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் பஸ்ஸை மறிப்பதால் மகளைத் தள்ள ஆள் இல்லை. மியூ-லிங் தானே சக்கரத்தைக் கையால் பிடித்துப் பிடித்து, பலகையில் அங்குலம் அங்குலமாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

என் பக்கத்தில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் உச்சுக் கொட்டினாள்.

"பாருங்க. அவ்வளவு காசு போட்டு வெளிநாட்டு வண்டி வாங்கத் தெரியுது. கதவு எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்து வாங்கத் தெரியலயே."

தரையில் இறங்கியதும் மியூ-லிங் டிரைவருக்கு நன்றி சொல்வது போலத் தலையை நிமிர்த்தினாள். அவள் பார்வை அப்படியே மாடி ஜன்னலுக்கு ஏறியது. நான் சட்டென்று குனிந்து, காலடியில் விழாத எதையோ தேடினேன்.

"என்னங்க, நான் சொல்றது சரிதானே?" என்றாள் அந்த அம்மாள்.

"ஆமா," என்றேன்.