நூற்றுக்குப் பூஜ்யம்

அந்த மருத்துவமனையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நூறு அக்கா என்றால்தான் தெரியும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புது இயந்திரம் வந்து நாலு வருடம் ஆகிறது. வெள்ளை அணுக்களை வகை வகையாகப் பிரித்து ஒரு நிமிடத்தில் தாளில் அடித்துக் கொடுத்துவிடும். ஆனால் இவளுக்கு ஒரு கிறுக்கு. கணக்கில் ஏதாவது இடித்தால் போதும், ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துவிடுவாள். வகைக்கு ஒரு பொத்தான் வைத்த சின்னப் பெட்டி அவளுடைய இடது கைக்கு. நூறாவது அணுவுக்கு அது ‘டிங்’ என்று மணியடிக்கும். ஒரு நாளில் அவளோடு அதிகம் பேசுவது அந்தப் பெட்டிதான்.

சும்மா சொல்லவில்லை. ஐம்பத்தோரு வயது, ஒரே அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். விடுமுறை நாளில் போன் அடித்தால் அது தவறான நம்பராகத்தான் இருக்கும். அதையும் சட்டென்று வைக்க மனசு வராமல், யார் வேண்டும், எந்த நம்பருக்கு அடித்தீர்கள் என்று நாலு வார்த்தை கூடவே பேசிவிட்டு வைப்பாள். தனிமை அவளுக்குப் பழகிவிட்டது என்று கூடத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அதெல்லாம் யாருக்கும் பழகாது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மூன்றாம் வார்டிலிருந்து ஒரு ரத்தக் குழாயும் ஒரு சளிக் குப்பியும் வந்தன. ஆண், ஐம்பத்தாறு வயது, கடுமையான மூச்சிரைப்பு, காய்ச்சல். அவசரத்தில் சீட்டோடு அனுமதித் தாளின் நகலையும் சேர்த்துப் பின் அடித்து அனுப்பியிருந்தார்கள். பெயரை இரண்டு முறை படித்தாள். அண்ணன். கூடப் பிறந்த ஒரே அண்ணன். ‘நெருங்கிய உறவினர்’ என்ற இடத்தில் அவனே தன் கோணல் எழுத்தில் எழுதியிருந்தான்: யாருமில்லை.

பன்னிரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவள் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்ததுகூட அவனுக்குத் தெரியாது. சண்டைக்குக் காரணம் ஒரு ஸ்லைடு என்றால் யாராவது நம்புவார்களா? அம்மாவின் ரத்தத்தை அன்றைக்கு எண்ணியவள் இவள்தான். ஐம்பது எண்ணுவதற்குள்ளேயே ரத்தப் புற்று என்று தெரிந்துவிட்டது. பரிசோதனைக் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு: எண்ணுவது நம் வேலை, சொல்வது டாக்டர் வேலை. அவள் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் விடுப்பில் போயிருந்தார், பத்து நாள் ஓடிவிட்டது. வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த அண்ணன் வந்து சேர்ந்தபோது அம்மாவுக்கு நினைவு இல்லை. ஒரு வார்த்தை அம்மாவிடம் பேச முடியாமல் போயிற்று. எல்லாம் முடிந்த பிறகு அவன் கேட்டது ஒன்றே ஒன்று: “பத்து நாள் தெரிஞ்சும் எப்படி உன்னால பேசாம இருக்க முடிஞ்சுது?” அன்றைக்குப் போனவன்தான்.

சீட்டில் வார்டு டாக்டர் கேட்டிருந்தது இவ்வளவுதான். மூச்சிரைப்புக்குப் புழுத் தொற்று காரணமா என்று பார்க்க, இயோசினோஃபில் எத்தனை? இல்லையென்றால் மாலையிலிருந்து ஸ்டீராய்டு ஊசி, பெரிய அளவில்.

இயோசினோஃபில் என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. சாயம் ஏற்றினால் உடம்பு பூராவும் ஆரஞ்சு நிறப் பொடி அடைத்துக்கொண்டு தெரியும். கிருமி என்றால் மற்ற அணுக்கள் அப்படியே விழுங்கிவிடும். புழுவை எப்படி விழுங்குவது? அது இவர்களைவிட எத்தனையோ மடங்கு பெரிய ஆள். அதனால் இந்த ஆரஞ்சுக்காரர்கள் கூட்டமாகப் போய் அதன் மேல் அப்பிக்கொண்டு, தங்களிடம் இருக்கும் நஞ்சுப் பொடியையெல்லாம் அதன் தோலில் கொட்டுவார்கள். சாதாரணமாக நூற்றுக்கு இரண்டோ மூன்றோ இருப்பவர்கள், புழு வந்தால் பத்து, இருபது என்று பெருகிவிடுவார்கள்.

இயந்திரம் பூஜ்யம் என்றது. அவள் ஸ்லைடு போட்டு எண்ணினாள். டிங். பூஜ்யம். இன்னொரு நூறு எண்ணினாள். ஒரு ஆரஞ்சுக்காரன்கூட இல்லை.

வேறு யாராக இருந்தாலும் பூஜ்யம் என்று எழுதி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். தப்பும் இல்லை, கணக்கு சரிதானே? ஆனால் அவள் பேனாவைக் கையில் எடுக்கவில்லை. ஏனென்றால் அண்ணனின் கணக்கு அவளுக்குத் தெரியும். பதினெட்டு.

முப்பது வருடத்துக்கு முன்னால், இந்த வேலைக்குப் படிக்கிற காலத்தில், வீட்டில் ஒரு ஸ்லைடு போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். தன் விரலில் ஊசி குத்திக்கொள்ளப் பயந்துபோய் அவன் விரலைப் பிடித்து இழுத்துக் குத்தினாள். மறுநாள் வந்து பதினெட்டு என்றதும், என்னவோ பரீட்சையில் வாங்கிய மாதிரி அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. “உனக்கு எத்தனை?” என்று ஒரு வாரம் நச்சரித்தான். அவள் கடைசிவரை பார்க்கவே இல்லை. ஒரு மாத்திரை வாங்கிப் போட்டார்கள், அதோடு மறந்துபோனார்கள். அவன் இடுப்பில் மட்டும் அவ்வப்போது ஒரு சிவப்புக் கோடு தடித்துக் கிளம்பி, காலையில் ஒரு இடம், சாயங்காலம் ஒரு இடம் என்று ஊர்ந்துகொண்டே இருக்கும். சூடு என்று அம்மா எண்ணெய் தடவுவாள்.

அது சூடு இல்லை. வெறுங்காலோடு ஈர மண்ணில் ஓடிய வயதில் பாதம் வழியாக ஏறுகிற ஒரு பொடிப் புழு. குடலில் குடியேறி, உள்ளேயே குஞ்சு பொரித்து, ஆயுள் பூராவும் இருந்துவிடும். உடம்பாலும் அதைத் துரத்த முடியாது, அதனாலும் உடம்பை ஜெயிக்க முடியாது. ஒரே வீட்டில் முகம் கொடுத்துப் பேசாமல் காலம் தள்ளுகிறவர்கள் மாதிரி இரண்டும் இருந்துவிடும், ஆரஞ்சுக்காரர்கள் காவல் இருக்கிற வரைக்கும். அனுமதித் தாளில் எழுதியிருந்தது: மூச்சிரைப்புக்காக மூன்று வருடமாக ஸ்டீராய்டு மாத்திரை. காவலை அந்த மாத்திரை கலைத்துவிட்டது. இனி அந்த ஊசியும் ஏறினால், புழு நுரையீரல், ரத்தம் என்று வீடு பூராவும் திறந்துவிட்ட மாதிரி பரவும். அண்ணன் இரண்டு நாள் தாங்க மாட்டான்.

சீட்டில் கேட்டது எண்ணிக்கை மட்டும். மற்றதில் மூக்கை நுழைக்க அவளுக்கு உரிமை இல்லை. சளிக் குப்பியும் வேறு பிரிவுக்குப் போகவேண்டியது. அவள் சுற்றும் முற்றும்கூடப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்து ஒரு துளி எடுத்து ஸ்லைடில் வைத்துக் கண்ணைப் பதித்தாள். ஒரு ஓரத்தில் நூல் துண்டு ஒன்று கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நெளிந்தது.

ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பிலேயே விட்டுவிட்டு, கையுறையைக் கழற்றக்கூட மறந்து மூன்றாம் வார்டுக்கு ஓடினாள். பிள்ளை முகம் மாறாத வார்டு டாக்டர் ஊசிக்கு எழுதிக்கொண்டிருந்தார். இயந்திரம் கணக்கை ஏற்கனவே அவருடைய திரைக்கு அனுப்பிவிட்டிருந்தது. “பூஜ்யம்னு உங்க ரிப்போர்ட்தானேக்கா? அப்புறம் புழு எங்கேர்ந்து வரும்?” என்றார்.

“பூஜ்யம்ங்கறதுதான் சார் பயமே. அந்த ஸ்டீராய்டு மாத்திரைக்கு அப்புறம் சண்டை போட ஆள் இல்ல. புழு இல்லன்னு அர்த்தமில்ல. ஒரு நிமிஷம் வந்து பாருங்க, உயிரோட இருக்கு.”

கேட்காத பரிசோதனையை யார் செய்யச் சொன்னது என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, நல்ல பிள்ளை. வந்து பார்த்தார், போய்த் தாளில் எழுதிய ஊசியைக் கோடு போட்டு நீக்கிவிட்டுப் புழு மாத்திரை எழுதினார். ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள்.

அதற்கப்புறம் ஒன்பது நாள். தினமும் அண்ணன் ரத்தம் அவள் மேசைக்கு வந்தது. இரண்டு மாடி ஏறினால் அவன் கட்டில். அவள் ஏறவில்லை. ‘யாருமில்லை’ என்று எழுதியவன் முன்னால் போய் எந்த உறவில் நிற்பது? ஸ்லைடைப் பார்த்தாள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ஒன்பதாம் நாள் எழுபத்திரண்டாவது அணு எண்ணும்போது ஒரு ஆரஞ்சுக்காரன் வந்து நின்றான். டிங் அடிப்பதற்குள் இன்னும் இரண்டு பேர். அவளுக்குக் கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு மூன்று என்று எழுதினாள்.

அன்று மத்தியானம் டாக்டரே கீழே வந்தார், கையில் ஒரு புதுச் சீட்டு. சின்ன வயதில் அதே வீட்டில் வளர்ந்தவர்களுக்கும் புழு இருக்கலாம் என்பதால், கூட யார் இருந்தார்கள் என்று கேட்டாராம். “முதல்ல யாருமில்லன்னுதான்க்கா சொன்னார். அப்புறம், ‘ஒரு தங்கச்சி இருக்கா, ஊர் உலகத்துக்கெல்லாம் ரத்தம் பார்ப்பா, தன் விரல்ல குத்திக்க மட்டும் பயப்படுவா, எங்கே இருக்கான்னு தெரியாது, எப்படியாவது தேடி அவளுக்கும் பாருங்க’ன்னு சொல்றார். பேரு எழுதி வாங்கியிருக்கேன். இவங்களை எங்கேன்னு போய்த் தேடறது?”

சீட்டில் அவளுடைய பெயர் இருந்தது, அதே கோணல் எழுத்தில். இந்தக் கட்டடத்தில் யாரும் சொல்லி அவள் கேட்டே இராத பெயர். பக்கத்தில், உறவு: தங்கை.

“நான் தேடிக்கறேன் சார்” என்றாள்.

அவர் போனதும் தன் மோதிர விரலைப் பிடித்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஊசியால் குத்தினாள். ஐம்பத்தோரு வயதில் சுரீர் என்று வலித்தது. இழுத்து, உலரவைத்து, சாயம் ஏற்றி எண்ணினாள். டிங் என்றதும் எண்ணைச் சீட்டில் எழுதி, மடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினாள்.

அண்ணன் தலையணையில் சாய்ந்திருந்தான். மெலிந்திருந்தான், முடி வெளுத்திருந்தது. வாசலில் வெள்ளைக் கோட்டோடு நின்றவளை முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. விரலில் அவள் அழுத்திப் பிடித்திருந்த பஞ்சைப் பார்த்தான். பன்னிரண்டு வருடத்துக்குச் சேர்த்து என்னென்னவோ கேட்கப் போகிறான் என்று அவள் வாசலைத் தாண்டாமல் நின்றாள்.

“உனக்கு எத்தனை?” என்றான்.

டாக்டர் இன்னும் சீட்டைப் பார்க்கவில்லை. கையெழுத்தும் ஆகவில்லை.

“பதினொண்ணு, அண்ணா” என்று சொல்லிவிட்டாள்.