லவோனின் காப்பி கரிக்கிறது

1

இந்தக் கதை ஒரு வாய் காப்பியில் தொடங்கியது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மின்னசோட்டாவில், எங்கள் ஏரிக்கரைத் தேவாலயத்தில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காப்பி உண்டு. ஆர்கன் வாசிக்கும் லவோன் தன் வீட்டில் போட்டுக் கொண்டுவருவாள். போன குளிர்காலம் முழுக்க அது உப்புக் கரித்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்று இரண்டாம் கோப்பையும் வாங்கிக்கொண்டோம். நானும்தான்.

2

ஹார்லன் ஒரு முரட்டு மனிதன், அவனுக்கு ஏரியைப் பற்றி எந்த...

(இந்த வரியை அடித்துவிட்டேன். முரடன் இல்லை. தேவாலயத்தின் பாதையைப் பார்த்துக்கொள்பவன். மூன்று வருடங்களுக்கு முன் லவோன் அங்கே பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அன்றிலிருந்து பனிக்கட்டியை உருக்க வாளி வாளியாக உப்பு. உப்பே வேலை செய்யாத கடுங்குளிரிலும் உப்பு. பயம், பாவம்.)

3

இரண்டாம் வரைவில் ஒரு விஞ்ஞானி வந்தார். ஏரி, ஓடை, மீன் என்று மூன்று பக்கம் பேசினார். கதை உப்புச்சப்பில்லாமல் போனது, அவரை அனுப்பிவிட்டேன்.*

பதிலாக லவோனே வருகிறாள். அவள் வீடு தேவாலயத்துக்கு நேர் கீழே, சரிவில். கையில் கிணற்றுநீரைச் சோதித்த தாள்.

"ஏன் ஹார்லன், என் காப்பி எப்படி?"

"நல்லாத்தான்..."

"பொய் சொல்லாதய்யா. பாதையில நீ கொட்டுன உப்புதான் கரைஞ்சு வந்து என் கிணத்துல கெடக்கு. டாக்டர் வேற எனக்கு உப்பே ஆகாதுன்னுட்டாரு."

ஹார்லன் தாளையே பார்த்தான். "நீ மறுபடி விழுந்துட்டா?"

"கை ஆறு வாரத்துல ஒட்டிக்கிச்சு. கிணறு ஒட்டுமா?"

"இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

"நீ ஏன் காப்பியைப் பத்திச் சொல்லல? ரெண்டாவது கோப்பை வேற!"

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

* அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்: கரைந்த உப்பைத் தண்ணீரிலிருந்து திரும்ப எடுக்க எளிய வழி கிடையாது.

4

முடிவு அ: ஹார்லன் உப்பைக் குறைக்கிறான், அவள் விழுகிறாள். (கிழித்தேன். எனக்கு அவளைப் பிடிக்கும்.)

முடிவு ஆ: அடுத்த வாரமே கிணறு இனிக்கிறது. (சுத்தப் பொய். வருடங்கள் ஆகும்.)

5

ஆகவே இந்த ஞாயிறு. ஹார்லன் விடிந்ததுமே வந்து பனிக்கட்டியைத் தரை தெரியச் செதுக்கிவிட்டான். போன வாரம் மிஞ்சிய உப்பைப் பெருக்கி வாளியில் சேர்த்தான். அதிலிருந்து ஒரே ஒரு காப்பிக் கோப்பை அள்ளி, பாதை நெடுகப் பரவலாகத் தூவினான். அவ்வளவு போதும். அது அவனுக்கும் தெரியும், ஆனாலும் வாளியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். அவனை இப்படிப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கிறது.

லவோனின் கார் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது.

"இன்னைக்குக் கடைத்தண்ணி காப்பி! நல்லா இல்லன்னா வாயத் தொறந்து சொல்லணும், ஆமா!"

ஹார்லன் உப்பு அள்ளிய கோப்பையை என்னிடம் நீட்டுகிறான். நான் அதை உங்களிடம் தருகிறேன், இன்னும் தூவுவதா வேண்டாமா என்று நீங்களே பாருங்கள். வாளி உங்கள் காலடியில், உப்பு இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. லவோன் ஒரு காலைக் கீழே ஊன்றிவிட்டாள்.